ஒரு நூல் அசைவு

பத்து அசைவுப் புதிர்ப்பெட்டியின் தரம் முதல் அசைவிலேயே தெரிந்துவிடும். மிச்சம் ஒன்பதும் அதன் தொடர்ச்சிதான். ரசிகர்கள் நாலு பேர் கூடினால் நான் எடுத்துவைக்கும் கட்சி இது. ஒப்புக்கொள்கிறவர்களைவிட மறுக்கிறவர்களே அதிகம். ஆனாலும் ஜப்பானின் ஹக்கோனேயில் செய்த நான்கு சுன் பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கட்சி எனக்குள் இன்னும் கெட்டிப்படுகிறது.

குறுகிய பக்கத்துப் பலகையில் கட்டைவிரலை வைக்கிறோம். அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. கையில் இருப்பது முழுக்கட்டைதானோ என்று தோன்றுகிறது. அழுத்தத்தைக் குறைத்து, விரலை ஓரத்துக்கு மாற்றி, கீழ்நோக்கித் தள்ளிப் பார்க்கிறோம். பலகை இறங்குகிறது. அந்த இறக்கத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, புறப்பாடு: வெடுக்கென்று விடுபடக் கூடாது, விரலின் எடைக்கு இணங்கிப் புறப்பட வேண்டும். இரண்டாவது, வழி: புறப்பட்ட இடத்திலிருந்து நிற்கும் இடம்வரை தடை ஒரே அளவாக இருக்க வேண்டும், நடுவில் இளகி முடிவில் இறுகினால் காடி நேராக ஓடவில்லை என்று பொருள். மூன்றாவது, நிலை: முட்டி நிற்கும் இடத்தில் பலகை ஆடக் கூடாது. இந்த மூன்றும் கூடிவந்த பெட்டியில் முதல் அசைவு, நல்ல வித்வான் ஆலாபனையில் எடுக்கும் முதல் பிடி. ராகம் எது, பாடகர் யார், கச்சேரி எப்படிப் போகும் என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

அந்த அசைவின் தூரம் எவ்வளவு? ஹக்கோனே கைவினைஞர்கள் பெட்டியை சுன் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சுன் 3.03 சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு பு. அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு நூல் என்பார்கள், அது 3.175 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். மரத்தோடு வாழ்ந்த இரண்டு தேசத்துக் கைகள், கண்ணால் நம்பி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவென்று ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன. பெட்டியின் முதல் அசைவும் பெரும்பாலும் இந்த ஒரு நூலுக்குள்தான் நடக்கிறது. பலகை ஒரு நூல் இறங்கினால் மூடி ஒரு நூல் ஒதுங்கும். மூடி ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்துப் பலகைக்கு வழி பிறக்கும். இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடுத்து வாங்கி, கடைசியில் மூடி முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போகும்போது கிடைக்கும் இன்பம் பெரிதுதான். அந்த இன்பத்துக்கு அடமானம் வைத்தது முதல் ஒரு நூல்.

அசைவுகளின் எண்ணிக்கையை வைத்துப் பெட்டியை மதிப்பவர்கள் என் எதிர்க்கட்சிக்காரர்கள். நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தேழு என்று படி ஏறிக்கொண்டே போவார்கள். அவர்கள் வணங்கும் கொடுமுடிகளில் ஒன்று ஹிரோஷி இவாஹாரா வடிவமைத்த சூப்பர் கியூபி. திறப்பதற்கு 324 அசைவுகள். அந்த மூளைக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அதைத் திறக்கும்போது கை செய்வது என்ன? ஒரு கணக்கின் விதியைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு அதே விதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் வேலை. ஐம்பதாவது அசைவில் விரல் மரத்தை மறந்துவிடுகிறது. எண்ணிக்கை தவறக் கூடாதே என்ற பதற்றம் மட்டும் மிஞ்சுகிறது. பத்து அசைவுப் பெட்டியிலோ ஒவ்வோர் அசைவும் எந்தப் பலகையில், எந்தத் திசையில், எந்தத் தடையோடு நிகழ்ந்தது என்று கைக்கு நினைவிருக்கும். திறந்து மூடி மறுபடி திறக்கும்போது பழகிய ஒன்றைத் தொடும் சுகம் இருக்கும். ரசனை என்பது நினைவில் நிற்பதைப் பற்றியது. அதனால்தான் பத்தில் நின்றுவிட்டேன்.

இன்னொரு கட்சியும் உண்டு. கைவினைஞர் அகியோ கமேயின் வழியைப் பின்பற்றுகிறவர்கள். 1999இல் அவர் வழியில் கராகுரி படைப்புக் குழு உருவானபோது, பெட்டியென்றால் பலகை நகர வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்தே இந்தக் கலை விடுபட்டது. சாய்த்தால் உள்ளே ஏதோ உருளும், சுழற்றினால் ஏதோ விடுபடும். பெட்டியே புத்தகமாகவோ பகடையாகவோ தோற்றம் கொள்ளும். குழுவின் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில், தாங்கள் தேர்ந்த கைவினைஞர் செய்த புதுப்பெட்டி போய்ச் சேரும்; அது என்ன உருவத்தில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்தக் கற்பனை வளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் பலவும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கின்றன. விடை தெரிந்தபின் அவை அலமாரிக்குப் போய்விடுகின்றன. விலையும் பல்லாயிரம் யென் தாண்டிப் போகிறது. சேகரிப்பவர்களுக்கு அது சரி. எனக்கு வேண்டியது மேசைமேல் கிடந்து, வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துத் தடவி, குழந்தைகள் கீழே போட்டு, பத்து வருஷம் கழித்தும் அதே ஒரு நூல் நகரும் பெட்டி.

மலிவான பெட்டியைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் அதன் பிறப்பை மறந்துவிடுகிறார்கள். பழைய தோக்கைதோ பெருவழியில் ஹக்கோனே மலை ஏறுகிறவர்களுக்கு ஹதாஜுகு ஒரு தங்கல் கிராமம். மலையில் மரவகைகள் ஏராளம், கீழே வெந்நீர் ஊற்றுகள், வழியெங்கும் பயணிகள். எடோ காலத்தின் இறுதியில் இஷிகாவா நிஹேய் அங்கே யோசெகி என்னும் மரக்கோல வேலையைத் தொடங்கிவைத்தார். 1870க்கும் 1894க்கும் இடைப்பட்ட காலத்தில் ஓகாவா ரியூகோரோ நகரும் பலகைகளை வைத்துப் பெட்டியின் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. வாங்கியவர்கள் யார்? குளிக்க வந்தவர்கள், கோயிலுக்குப் போனவர்கள், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிப்போக நினைத்தவர்கள். மூட்டையில் வைத்துச் சுமந்துபோகத் தோதான அளவு, மடியில் இருக்கும் காசுக்கு ஏற்ற விலை. 1984இல் ஜப்பானிய அரசு ஹக்கோனே யோசெகியை மரபுக் கைவினையாக அறிவித்தபோது கௌரவம் கிடைத்தது. ஆனால் அதற்கு நூறாண்டு முன்பே அந்தக் கௌரவத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது வழிப்போக்கர்களின் சில்லறைதான். இன்றும் அங்கே சில ஆயிரம் யென்னுக்குச் சின்னப் பெட்டி கிடைக்கிறது. அதில் கைவேலை குறைவதில்லை, அசைவுகள்தான் குறைகின்றன.

யோசெகியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். சாயம் தொடாமல் மரங்களின் சொந்த நிறத்திலேயே வெண்மையும் மஞ்சளும் பழுப்பும் கருமையும் எடுத்து, குச்சிகளாக அறுத்து, ஒட்டி, மறுபடி குறுக்கே அறுத்து, மறுபடி ஒட்டி, கடைசியில் பெரிய இழைப்புளியால் ஸுகு என்னும் மெல்லிய தாளாகச் சீவி எடுக்கும் வேலையைக் கண்டு வியக்காதவர் இருக்க முடியாது. கட்சுயெத்சு கனஸாஷி அந்த ஒட்டுக்கட்டையைச் சீவாமல் அப்படியே கடைந்து பாத்திரமாக்கினார். ஹக்கோனே எகிதென் ஓட்டப்பந்தயத்தின் கோப்பையும் அவர் கையில் உருவானதுதான். ஆனால் புதிர்ப்பெட்டியில் இந்தக் கோலத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, அழகு அதற்குப் பிறகுதான். பலகையும் பலகையும் சந்திக்கும் கோட்டை மறைப்பது அந்த வேலை. அறுகோணமும் அம்பும் நெருங்கிக் கிடக்கும் பரப்பில், எந்தக் கோடு கோலத்தின் கோடு, எது பிரிகிற கோடு என்று கண்ணால் பிரிக்க முடியாது. கண்ணைத் தோற்கடித்துவிட்டுக் கையை மட்டும் விளையாட்டுக்கு அழைக்கும் உத்தி அது.

கோலம் இல்லாத பெட்டியில் என்ன செய்வது? என் நாட்டம் சில ஆண்டுகளாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. வெறும் மரத்தில், ஒட்டுத்தாள் இல்லாமல், இழையின் ஓட்டத்தை மட்டும் நம்பிச் செய்யும் பெட்டி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்தில் ஏரிக்கரையை அடுத்த ஒரு பட்டறையில் அப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்வித்துப் பார்க்கிறேன். ஆசாரியார் கதவும் சன்னலும் செய்து வாழ்ந்தவர். மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்த ஹக்கோனே பெட்டியைத் திறக்க முயலாமல் முதலில் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு நகத்தால் ஓரங்களை வருடினார். திறந்தது அதற்கப்புறம்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "காடி சுத்தமா ஓடுது தம்பி. இத எடுத்தவன் அவசரப்படல" என்றார். அந்தக் கலையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதைவிடத் துல்லியமானது வேறில்லை.

மரம் அவரிடமே இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்புகள் சாய்ந்தன. விழுந்த மரங்களில் பெரும்பகுதி விறகாகப் போனது. அவர் சில துண்டுகளை வாங்கிவந்து, பலகையாக அறுத்து, நடுவில் சக்கை கொடுத்து அடுக்கி, பரணில் போட்டுவைத்திருந்தார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம்மவர்கள் பலாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பதமாகக் காய்ந்த பலா சொன்ன பேச்சைக் கேட்கும். இளமஞ்சளாகத் தொடங்கி வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன்நிறமாகி, ஆண்டுகள் போனால் செம்பழுப்பாக முதிரும். வேறு மரங்களையும் பார்த்தோம். பூவரசின் வைரம் அடர்த்தியானது, கரும்பழுப்பு நிறம் கண்ணைக் கட்டிப்போடும். வரப்பிலும் குளக்கரையிலும் இங்கே கிடைக்கும் மரம்தான், ஆனால் கோணல் இல்லாத நீளம் கிடைப்பது அரிது. வேம்பின் முறுக்கிய இழை இழைப்புளியை எதிர்த்து அங்கங்கே பிய்ந்து வரும். மஞ்சக்கடம்பு இந்த வேலைக்கென்றே பிறந்த நெருங்கிய இழை. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்கள் அந்த மரத்தில்தான் பேர் வாங்கின. இன்று கேட்ட விலைக்கு வாங்கினால் பெட்டி மலிவாக இருக்காது. தேக்குக்கு நான் கண்ட வழி, இடித்த வீடுகளின் மரம். பழைய சட்டங்களும் கைமரங்களும் மரத்தொட்டிகளில் எடைக்கு வருகின்றன. ஒரு தலைமுறைக்குமேல் காய்ந்து ஓய்ந்த மரம் அது. ஆணித் துளைகளைத் தவிர்த்து அறுத்தால் நான்கு சுன் பெட்டிக்கான துண்டுகள் தாராளமாகத் தேறும்.

வேலையின் நுட்பம் எங்கே இருக்கிறதென்று ஆசாரியார் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "கனத்துல இறுக்கு, அகலத்துல வுடு." இந்த ஐந்தாறு வருஷத்தில் பெட்டிகளைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் அந்த வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம்.

மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதே இல்லை; குறுக்குவாக்கில்தான் பருக்கும். அதிலும் வளையங்களின் போக்கில் பருப்பது, மையத்திலிருந்து வெளியே போகும் ஆரப்போக்கில் பருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை நம் அடைமழையில் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை அகன்றுவிடலாம். காடிக்குள் ஓடும் நாக்கின் கனம் ஒரு நூல்தான். அது பருப்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆகவே நாக்கின் கனத்தைக் காடியோடு கச்சிதமாகப் பொருத்தினால் எந்தப் பருவத்திலும் ஆட்டம் இருக்காது, பிடிப்பும் இருக்காது. பலகையின் அகலத்துக்கோ காடியின் ஆழத்தில் மூச்சுவிட இடம் வைத்தாக வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். அகலத்தில் இறுக்கி, கனத்தில் தளர்த்திவிடுவார்கள். அந்தப் பெட்டி பங்குனியில் கடகடக்கும், ஐப்பசியில் திறக்கவே திறக்காது. வாங்கியவர் புதிர் கடினம் என்று நினைத்து வியந்துகொண்டிருப்பார்.

ஆரப்போக்கில் அறுத்த பலகைகளை மட்டும் எடுத்துக்கொள்வது அடுத்த விதி. கட்டையில் இருந்து அப்படி அறுக்கும்போது சேதாரம் கூடும். அதனால் மரவாடிகளில் யாரும் இப்படி அறுத்துத் தர விரும்புவதில்லை. சின்னப் பெட்டிக்கு இது ஒரு பெரிய சாதகம். கதவுக்கு உதவாத ஒடுங்கிய துண்டுகளே நமக்குப் போதும். ஆசாரியார் பட்டறையின் மூலையில் கிடக்கும் மிச்சங்களில் இழை நேராக நிற்பவற்றைப் பொறுக்கினாலே ஒரு பெட்டிக்கு ஆகிவிடும். மலிவு என்பதன் ரகசியம் இங்கே இருக்கிறது. மரத்துக்கு ஆகும் செலவைக் குறைக்கலாம். கைக்கு ஆகும் நேரத்தைக் குறைக்க முடியாது.

அப்புறம் இழைப்பு. ஜப்பானியர் இழைப்புளியைத் தம்மை நோக்கி இழுக்கிறார்கள், நம்மவர் முன்னே தள்ளுகிறார்கள். எந்தத் திசையானாலும், கத்தி சீவிய பரப்பின் சமத்தை வேறெதுவும் தராது. உப்புத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகவே வருடிக்கொண்டு போகும், ஓரங்களை உருட்டிவிடும். ஓரம் உருண்ட பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் விழும். அதில் நிழல் தங்கும். நிழல் தங்கினால் கண் கோட்டைக் கண்டுபிடித்துவிடும். வெறும் மரப்பெட்டிக்கு அதுவே தோல்வி. ஆசாரியார் கடைசிவரை உப்புத்தாளை எடுக்கவில்லை. ஒரே பலகையிலிருந்து மூடியையும் பக்கங்களையும் வரிசை மாறாமல் அறுத்து, இழை மேலிருந்து மடங்கிக் கீழே இறங்கும்படி கூட்டினார். பலாவின் கோடுகள் மூடியில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, பக்கப்பலகையில் தொடர்கின்றன. பிரிகிற கோடு அந்த ஓட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. யோசெகி நூறு துண்டுகளால் செய்ததை, ஒரு மரம் தன் ஒற்றை வாழ்நாளின் ரேகையால் செய்துவிட்டது. இதைப் பார்த்தபின் கோலப் பெட்டிதான் உயர்ந்தது என்று என்னிடம் யாரும் வாதிட வேண்டாம்.

நாக்கில் தேன்மெழுகைக் காட்டித் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கூடாது, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பசையும் உள்சட்டத்தின் மூலைகளில் மட்டும். நகரும் பலகை ஒன்றில் ஒரு துளி பசை கசிந்திருந்தாலும் முதல் அசைவில் அது விரலுக்குத் தெரியும்.

செய்த பெட்டிக்கு மழைதான் பரீட்சை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சங்கராபரணி கரைகடந்து ஓடிய அந்த நாட்களில் வில்லியனூரில் எங்கள் வீட்டுக் கதவுகளே நிலையோடு ஒட்டிக்கொண்டன. அலமாரி இழுப்பறைகள் வர மறுத்தன. மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. பரிசாக வந்த, பெயர்பெற்ற வெளிநாட்டுப் பட்டறை ஒன்றின் விலையுயர்ந்த பெட்டி இறுகிப்போய்த் தை மாதம்வரை வாய் திறக்கவில்லை. பாகூர்ப் பலா கொஞ்சம் கூடுதலாக அழுத்தக் கேட்டது, கேட்டுவிட்டு இறங்கியது. வெளிநாட்டில் செய்தது அந்த நாட்டின் ஈரத்துக்குப் பொருந்தும். நம் கடலோரத்துக்கு இங்குள்ள ஈரம் அறிந்த கை வேண்டும். இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெட்டி நகர்வதைக் கருதிச் சொல்கிறேன்.

நம் ஊருக்கு ஒளிப்பதும் புதிதல்ல. தாத்தா நெல் மண்டி வைத்திருந்த காலத்துக் கல்லாப்பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். சரிவான மூடிக்குக் கீழே சில்லறைக் குழிகள், கணக்குச் சிட்டைக்கு ஓர் அறை, பேனாவுக்கு ஒரு வாய்க்கால். அந்தச் சில்லறைக் குழிகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய சட்டம். அதை மேலே தூக்கினால் பின்பக்கப் பலகை விடுபடும். அதற்குப் பின்னால் கள்ள அறை. பாட்டிக்குக்கூட அந்த அறையைத் திறக்கத் தெரியாது என்று தாத்தா நினைத்துக்கொண்டிருந்தார். பாட்டி தன் மூக்குத்தியை அங்கேதான் வைத்திருந்தாள். செட்டிநாட்டுப் பெட்டகங்களிலும், கேரளத்தின் பித்தளை வேய்ந்த நெட்டூர்ப் பெட்டிகளிலும் இப்படி ஒளிவறைகள் உண்டு. எங்கள் மண்டிப் பெட்டியைச் செய்த ஆசாரியின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் தூக்கும்போது காட்டிய சீரான தடையை என் விரல் இன்னும் மறக்கவில்லை. முதல் அசைவின் மேல் எனக்குள்ள பித்து அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

திண்டுக்கல் பூட்டு ரசிகர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலை முன்னால் மரப்பெட்டி எம்மாத்திரம் என்பார்கள். மாங்காய்ப் பூட்டின் உள்ளே நெம்புகள் சாவிக்கு வழிவிடும் ஒழுங்கைக் கண்டவன் நான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பூட்டு, சாவி வைத்திருப்பவருக்குத் திறக்கும். மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தும். பெட்டிக்குச் சாவி இல்லை. பொறுமையாகத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது திறக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கும் திறக்கும். இந்த ஜனநாயகம்தான் என்னைப் பெட்டியின் பக்கம் இழுத்தது.

இப்போது சந்தைக்கு வருவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையை லேசரால் வெட்டி, ஓரம் கருகிய வாசனையோடு, தகட்டில் அடுக்கிப் புதிர்ப்பெட்டி என்று விற்கிறார்கள். அட்டைக்கு இழையில்லை, இழையில்லாததில் நாக்கு நிற்காது, ஒரு மழைக்காலத்தில் ஓரங்கள் உப்பிவிடும். உள்ளே காந்தத்தைப் பதித்து, அதைத் திறமை என்கிறார்கள். காந்தம் பலகையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பட்டென்று விட்டுவிடும். புறப்பாடும் இல்லை, வழியும் இல்லை, நிலையும் இல்லை. சில பெட்டிகளின் மேலேயே அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கியவரும் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே கைப்பேசியில் விடையைப் பார்த்துவிடுகிறார். விரலுக்கு வேலை கொடுக்கவென்று பிறந்த ஒரு கலையைக் கண்ணுக்கு மட்டுமான வேடிக்கையாக மாற்றிவிட்டார்கள். ஹக்கோனே பெட்டிகளிலும் முன்பிருந்த இறுக்கம் சில கடைச்சரக்குகளில் குறைந்திருப்பதைக் காண்கிறேன். மேல்தாளின் கோலம் பளிச்சென்று இருக்கிறது, அடியில் பலகை லொடலொடக்கிறது.

வில்லியனூர் மண்ணுக்குக் கைவினைப் பேர் புதிதல்ல. சுடுமண் சிற்பத்துக்காக வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே மரமும் இருக்கிறது, மரம் அறிந்த கைகளும் இருக்கின்றன. அந்தக் கைகள் இப்போது பிளைவுட் அலமாரிக்கு மேல்தாள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குப் பரிசும் பட்டயமும் கொடுப்பதைக் காட்டிலும் வேலை கொடுப்பது அவசரம்.

எங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர்வரை தொடர்கிறது. அந்தத் தேருக்கு வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று எல்லாக் கொம்யூன்களிலிருந்தும் சனம் வருகிறது. திருவிழாக் கடைகளில் முன்பு மரப்பாச்சியும் சொப்பும் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் துப்பாக்கி. தோக்கைதோ வழியில் போனவர்கள் பெட்டி வாங்கியதும் இப்படிப்பட்ட கூட்டத்தில்தான். ஊர் திரும்பும்போது பிள்ளைக்கு ஒன்று வாங்கிப்போகும் மனசு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அந்தக் கடை விரிப்பில் பலாப் பெட்டி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? ஆசாரியார் என்னிடம் ஒரு பெட்டிக்கு வாங்கும் கூலி ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது. கழிவுத் துண்டில் மரம், ஒரு முழுநாள் கைவேலை, சிறிது மெழுகு. அதற்குமேல் விலை ஏற வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அசைவு எத்தனை என்று கேட்காதீர்கள். பலகையின் முனையைத் திருப்பி, வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஓரத்தை நகத்தால் வருடுங்கள், உருண்டிருந்தால் வைத்துவிடுங்கள். குலுக்குங்கள், சத்தம் வந்தால் வேண்டாம். பிறகு கட்டைவிரலை வைத்து முதல் பலகையைத் தள்ளுங்கள். கார்த்திகையில் வாங்கினால் பங்குனியில் இன்னொரு முறை அதே பலகையைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு முறையும் அதே ஒரு நூல், அதே தடை என்றால், அதைச் செய்தவரைத் தேடிப் போய் இன்னொன்று செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள்.